சுவரோரப் பனி

இன்னும் ஒரு சாண் இருக்கும். சாண் நம்பத்தகாத அளவு, ஆளுக்கு ஆள் மாறும் என்று முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் சமையலறை ஜன்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு பதினைந்தடிக்கு அப்பால் சுவரோரமாகக் குவிந்திருக்கும் பனியை அளக்க என்னிடம் கையைத் தவிர வேறு கருவி இல்லை. காலையில் பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தபோது குவியல் ஏழாவது செங்கல் வரிசையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது மணி பதினொன்றே கால். நாலாவது வரிசை வெளியே வந்துவிட்டது, ஈரமாக, அப்போதுதான் குளித்து முடித்ததுபோல. முந்தாநாள் வரை மைனஸ் பதினாறு. இன்று பிளஸ் ஒன்பது. பன்னிரண்டு வரை ஏறும், மூன்று மணிக்கு மேல் காற்று திரும்பி மறுபடி குளிர் இறங்கும் என்று வானொலியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள், ஊருக்குப் பலகாரம் பங்கிடுகிறவளைப்போல. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு சகதிக்கு நடுவே நாற்காலி விரித்து உட்கார்ந்திருக்கிறார். கூரை சொட்டுகிறது, தகரக் குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிறது, ஊருக்கே ஜலதோஷம் பிடித்ததுபோல எங்கும் ஒழுகும் சத்தம். எல்லாருக்கும் சந்தோஷம். நான் மட்டும் பூண்டு உரித்துக்கொண்டு, பனி உருகக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். யாரிடம் வேண்டுகிறேன் என்றும் தெரியவில்லை. நெல்லையப்பருக்கு இந்தத் தட்பவெப்பத்தில் அனுபவம் போதாது.

குவியலுக்குள் ஒரு நீலப் பீங்கான் தொட்டி இருக்கிறது. தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. இருந்தது என்பதே சரி. இரண்டையும் அங்கே புதைத்தவன் நான். செடி அடுத்த தெரு திலகேஸ்வரியுடையது. அதைத் தொலைத்தவள் என்று என் மகள் செண்பகம் நம்புவது, கீழே பேஸ்மென்ட் அறையில் வாடகைக்கு இருக்கும் நிறைமதியை. அதனால் நிறைமதி இன்று இரண்டு மணிக்கு அறையைக் காலிசெய்கிறாள். திலகேஸ்வரி நாளை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்குகிறாள். தேர்வுத்தாளில் தகவல்களைத் தருவதுபோல இப்படி வரிசையாக அடுக்கினால் விடை தானாக வந்து நிற்கும் என்று வகுப்பில் சொல்வேன். விடை எனக்கு மூன்று வாரமாகத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்து பந்தயம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: வேன் முதலில் வருமா, தொட்டி முதலில் வருமா? வேன் முதலில் வந்தால் அந்தப் பெண் போய்விடுவாள், குளிர் திரும்பும், மிச்சப் பனி இறுகிக்கொள்ளும், பிப்ரவரி இருபதாம் தேதி நான் விமானம் ஏறிவிடுவேன். அதற்குப் பிறகு வசந்தம் வந்து எதை வேண்டுமானாலும் கக்கட்டும், நான் பாளையங்கோட்டையில் இருப்பேன். தொட்டி முதலில் வந்தால். தொட்டி முதலில் வந்தால் என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் பூண்டுத் தோல் நகக்கண்ணில் ஏறிவிடுகிறது.

"ஐயா, நீங்கள் இருக்கிறியள், எனக்கென்ன பயம்?" என்றுதான் திலகேஸ்வரி அதைக் கொண்டுவந்து வைத்தாள். கொண்டுவந்தாள் என்பதுகூடப் போதாது. ஒரு கம்பளிக்குள் சுற்றி, காரை முன்கூட்டியே சூடாக்கி, மடியில் வைத்துக்கொண்டு, அவள் கணவர் ஓட்ட, ஒரு தெரு தூரம் வந்தாள். "முந்தியெல்லாம் ஊருக்குப் போறதெண்டால் இவரை நினைச்சே நித்திரை வராது. இந்த முறை பாருங்கோ, வீட்டிலேயே ஒரு புரொபசர். இவருக்குக் குளிரைக் கண்ணிலயும் காட்டப்படாது. கதவு திறக்கேக்க தள்ளி வையுங்கோ. வெள்ளிக்கிழமையில மட்டும் ஒரு கோப்பை தண்ணி." செடியை அவள் இவர் என்றுதான் சொல்வாள். பதினாலு குளிர்காலம் கண்டவர். இந்தப் பக்கத்து எட்டுத் தமிழ் வீடுகளின் ரசம், துவையல், ஒரு கல்யாணம், இரண்டு இழவு வீட்டுச் சமையல் எல்லாவற்றிலும் இவர் இருந்திருக்கிறார். நான் புரொபசர் இல்லை, இணைப் பேராசிரியராக ஓய்வு பெற்றவன். அதை இங்கே யாரும் கேட்கவில்லை, நானும் திருத்தவில்லை. மற்றவர்கள் வாயில் வரும் பிழையையெல்லாம் பாதியில் நிறுத்தித் திருத்துகிறவன் இந்த ஒன்றை மட்டும் காதில் விழாததுபோல விட்டிருக்கிறேன் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். "கவலைப்படாதீங்கம்மா, முரையா கொயினிகி என் கைக்குழந்தை மாதிரி" என்று சொன்னேன். கறிவேப்பிலைக்கு அந்த லத்தீன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவள் அசந்துபோய்க் கணவரைப் பார்த்தாள், பார்த்தீங்களா என்பதுபோல. செடியை வைத்த ஐந்தாம் நாள் கொன்றேன்.

வெயில். அதுதான் நடந்தது. அன்று வெள்ளிக்கிழமை, ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றும் நாள். செண்பகம் வேலைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில், கால்கரியில் உத்தியோகம். பத்து நாள் சாம்பல் நிற வானத்துக்குப் பிறகு அன்றைக்கு வெயில் அடித்தது. சாதாரண வெயிலா? கண் கூசுகிற, மேகமே இல்லாத, மாசி மாதத்து வண்ணாரப்பேட்டை வெயில். பனி முழுக்க உப்பளம்போல மின்னியது. செடியின் அடி இலைகள் இரண்டு வெளுத்திருந்தன. பாவம், வெளிச்சம் போதவில்லை, ஒரு அரைமணி நேரம் வெயில் காட்டலாம் என்று பின்கதவைத் திறந்து மரத்தளத்தில் கொண்டுபோய் வைத்தேன். மைனஸ் இருபத்தொன்று என்று சுவரில் இருந்த கருவி காட்டிக்கொண்டிருந்ததை நான் படித்தேன். சத்தியமாகப் படித்தேன். ஆனால் வெயில் என்றால் சூடு என்பது எனக்கு மூளையில் இல்லை, தோலில் இருக்கிறது. அறுபத்தெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அது பொய்த்ததில்லை. வற்றல் காயவைத்தவர்கள், நெல் காயவைத்தவர்கள், நனைந்த தலையைக் காயவைத்தவர்கள் வம்சம். கண்ணாடி வழியாக என் முதுகில் விழுந்த வெயில் இதமாகத்தான் இருந்தது. உள்ளே வந்து, ஒரு வாரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். செங்காந்தளின் கிழங்கை அவர்கள் வேர் என்று போட்டிருந்தார்கள். கிழங்கு தண்டின் உருமாற்றம். இதைக்கூடச் சரிபார்க்காமல் அச்சேற்றினால் வாசகன் என்ன ஆவான் என்று மூன்று பக்கம். நல்ல கடிதம். தலை நிமிர்ந்தபோது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

உறைபனிக் காயம். இரண்டாம் ஆண்டு, நாலாவது அலகு. பாளையங்கோட்டையில் மூன்று மின்விசிறியும் சுழல, சட்டை முதுகில் ஒட்ட, ஒவ்வொரு வருஷமும் அதைப் பாடம் நடத்தினேன்: செல்களுக்கு இடையில் பனிப்படிகம் உருவாகும், உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும், சவ்வு கிழியும், இலை முதலில் கண்ணாடிபோலப் பளபளக்கும், பிறகு கறுக்கும். கடைசி பெஞ்சில் ஒருத்தன் எழுந்து, "சார் பனியப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான். "பார்த்தால்தான் தெரியும் என்றால் உனக்குக் குரோமோசோமும் தெரியாது, உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் அதை வெற்றி என்று வீட்டில் போய்ச் சொன்னேன். மரத்தளத்தில் இலைகள் கண்ணாடிபோலப் பளபளத்தன. பாடப்புத்தகத்தில் உள்ளபடியே. தொட்டால் நொறுங்கின. உள்ளே தூக்கிவந்தேன், பத்து நிமிஷத்தில் வேகவைத்த கீரையாகத் தொங்கின, வாசனை மட்டும் வீடு முழுக்கக் கிளம்பியது, யாரோ தாளிப்பதுபோல. அந்த வாசனைதான் என்னைப் பயமுறுத்தியது. மகள் வர மூன்று மணி நேரம் இருந்தது. குப்பைத் தொட்டியில் போட முடியாது, அதை அவள் மூன்று நிறமாகப் பிரித்து வைப்பவள். பனி வாரும் மண்வெட்டியை எடுத்தேன். வீடு 'ட' எழுத்தைப்போல மடிந்தது. சமையலறை ஒரு கை, மற்றக் கையின் சுவர் எதிரே. அந்தச் சுவரோரமாகப் பனி என் இடுப்புவரை ஏறிக் கிடந்தது; ஓரிடத்தில் மட்டும், யாரோ வாரிவிட்டு மேலே தூள்பனி மூடியதுபோல, ஒரு பள்ளம் இருந்தது. நான் வந்தது டிசம்பர் பன்னிரண்டில். இந்த வீட்டின் காலை நான் பார்த்ததே இல்லை, முழங்கால்வரை வெள்ளைப் போர்வைக்குள் இருக்கும் வீட்டைத்தான் தெரியும். குடைந்தேன். மண்வெட்டி எதிலோ ணங் என்று பட்டது. பனிக்கட்டி என்று நினைத்தேன். தொட்டியைச் சுவரோடு நெருக்கி, கையால் பனியைத் திணித்து, மேலே மூன்று மடங்கு அள்ளிக் கொட்டினேன். சாயங்காலம் புதுப்பனி அரையடி விழுந்தது. இவ்வளவு அழகாக யாரும் எனக்கு உடந்தையாக இருந்ததில்லை.

"அப்பா, செடி எங்க?" "எந்தச் செடி?" தாவரவியல்காரன் வாயில் இப்படி ஒரு கேள்வி. "எந்தச் செடியா? திலகாக்கா செடிப்பா!" அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது என்று எழுதுவார்கள். எனக்கு வரவே இல்லை, எங்கோ கணைக்கால் பக்கமே நின்றுவிட்டது. அதற்குள் செண்பகமே கண்டுபிடித்துவிட்டாள். நாலைந்து நாளாக நிறைமதி இந்த அடுப்பில்தான் சமைக்கிறாள், செடியில் இலை குறைந்துகொண்டே வந்தது, மொட்டையடித்துச் செத்ததும் தூக்கிப் போட்டிருப்பாள். கீழே இருந்தவளை மேலே கூப்பிட்டாள். இரவு வேலைக்குக் கிடங்குக்குப் போகிறவள், பகலில் கல்லூரி, சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம். தூக்கக் கலக்கத்தோடு படியேறி வந்து நின்றாள். "நான் எடுக்கலக்கா. ரசத்துக்கு ரெண்டு தடவ ரெண்டு இணுக்கு கிள்ளினேன். சார்கிட்ட கேட்டுட்டுத்தான் கிள்ளினேன்." கேட்டாள். இரண்டு தடவையும் கேட்டாள். இரண்டாவது தடவை நான், நுனியில் கிள்ளாதே, கணுவுக்கு மேலே கிள்ளு, பக்கக்கிளை வரும் என்று பாடமே நடத்தினேன். செண்பகம் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, கேட்டாளா?" நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். சுளைமேல் இருக்கும் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்தேன். "கேட்டிருப்பா. எனக்கு ஞாபகம் இல்லையே." இருநூறு தாவரக் குடும்பங்களின் பூச்சூத்திரம் வரிசையாகச் சொல்கிறவனுக்கு. ஞாபகம் இல்லையே. அதைச் சொன்ன குரலைக்கூட ஞாபகம் இருக்கிறது, கொஞ்சம் இருமலோடு, கொஞ்சம் கிழட்டுத்தனத்தைக் கூட்டிக்கொண்டு. "செடி போனாப் போகட்டும் மதி," என்றாள் செண்பகம், "மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லுத ஆளக் கீழ வச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்குவேன்? மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கோ." நிறைமதி அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம். உதவி கேட்கிறாள் என்று நினைத்து இன்னொரு நாரை எடுத்தேன்.

"பூண்டு உரிச்சாச்சா? அங்க என்னத்தப் பாத்துக்கிட்டே இருக்கிய, சினிமாவா ஓடுது?" செண்பகம். திடுக்கிட்டுப் போனதில் இரண்டு பல் உருண்டு கீழே விழுகிறது. "பனி உருகுது" என்கிறேன். "உருகட்டும், நமக்கென்ன. இங்க ஜனவரியில ஒரு தடவ இப்படிப் போக்குக் காட்டும், அப்புறம் திரும்ப வந்து மொத்துவான்." மொத்தட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன், சீக்கிரம் வந்து மொத்தட்டும். அவள் குனிந்து பூண்டைப் பொறுக்குகிறாள். "திலகாக்கா நாளைக்கு வந்து கேட்டா என்னத்தச் சொல்ல? கடையில ஒரு கன்னு வாங்கித் தாரேன்னு சொல்லலாமா?" "சொல்லலாம்." "பதினாலு வருஷத்துக்கு அது ஈடாகுமாப்பா? நீங்க படிச்சவக, சொல்லுங்க." ஆகாது என்று சொல்கிறேன், இன்று காலையிலிருந்து நான் சொன்ன முதல் உண்மை. "கீழ அவ இன்னும் பெட்டி கட்டுதா போல. மூணு வாரமா பகல்லயும் லைட்ட எரிச்சுக்கிட்டு, ஹீட்டரையும் போட்டுக்கிட்டு. என்ன பொண்ணோ." அடுப்புப் பக்கம் போய்விட்டாள். என்ன பொண்ணோ. மூன்று வாரமாக அவள் பகலில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து, என் எதிர் நாற்காலியில், இதே ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "இங்க வெளிச்சமா இருக்கு சார்" என்றாள். நான் அதை நம்பவில்லை. என்னை வேவு பார்க்கிறாள், ஞாபகம் வந்துவிட்டதா என்று என் முகத்தைச் சோதிக்கிறாள் என்று நினைத்து, நாற்காலியை அரைவட்டம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். புது இடம் நாலு பெண்கள் இருக்கும் அறை. கல்லூரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இதெல்லாம் அவள் செண்பகத்திடம் சொன்னது காதில் விழுந்தது. நான் குறுக்கெழுத்துக் கட்டத்துக்குள் இருந்தேன்.

மணி பன்னிரண்டே முக்கால். பன்னிரண்டு டிகிரி. பனி நாணயமான கள்ளன். எடுத்த எதையும் வைத்துக்கொள்வதில்லை, கடைசியாக எடுத்ததை முதலில் கொடுக்கிறான். முற்றத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது: ஒரு சிவப்புத் துணிக்கிளிப், பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய பழைய செய்தித்தாள், யாருடைய நாயோ இட்டுப்போன மூன்று உருண்டை, நான் வந்த வாரத்தில் தொலைத்த இடதுகைக் கையுறை விரல்களை விரித்துக்கொண்டு. ஆனால் ஒன்று புரியவில்லை. நடுமுற்றத்தில் வெயில் நேராக விழுகிற இடத்தில் பனி இன்னும் கணுக்கால் உயரம் இருக்கிறது. சுவரோரம் நிழல்; அங்கே கடைசியாகத்தான் உருக வேண்டும். அங்கேதான் வேகமாக இறங்குகிறது, அதுவும் என் குவியல் இருக்கும் இடத்தில் மட்டும், உள்ளிருந்து யாரோ தின்பதுபோலக் குழிகிறது. செடி உயிரோடு இருந்தால் கொஞ்சம் வெப்பம் விடும் என்று ஒரு அசட்டு எண்ணம் வந்தது. உடனே அதற்கு மதிப்பெண் போட்டேன்: பூஜ்யம். கையுறையைப் பார்க்கிறேன், குவியலைப் பார்க்கிறேன், கடிகாரத்தைப் பார்க்கிறேன். மூன்றாவது வரிசைச் செங்கல். ஒரு கறுத்த குச்சி நுனி. அதுதான். இல்லை, வேலியின் நிழல். இல்லை, குச்சி, அதன் பக்கத்தில் இன்னொன்று, கவட்டை. கணுவுக்கு மேலே கிள்ளினால் வருகிற பக்கக்கிளை. அவள் கிள்ளிய இடம். பாடத்தை ஒழுங்காகக் கேட்டிருக்கிறாள். எழுந்து திரைச்சீலையை இழுத்துவிடலாம், செண்பகம் இந்தப் பக்கம் வராமல் பேச்சுக் கொடுக்கலாம், ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம். கை திரைச்சீலைவரை போய்விட்டது. அப்போது மூன்றாவது வரிசைக்குக் கீழே செங்கல் வரவில்லை.

நேர்கோடு வந்தது. பனிக்கும் செடிக்கும் தெரியாத ஒன்று அது. நேர்கோட்டை மனிதன்தான் போடுவான். ஒரு வெள்ளைச் சட்டத்தின் மேல் விளிம்பு. அதற்குக் கீழே ஈரக் கறுப்பாக ஒரு பட்டை, பட்டைக்குள் மஞ்சளாக வெளிச்சம். பனி ஒரு பாளமாகச் சரிந்தது, சத்தமே இல்லாமல், போர்வையை இழுத்ததுபோல. கண்ணாடி. தரையோடு தரையாக ஒரு ஜன்னல். பேஸ்மென்ட் அறைக்கு ஜன்னல் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முழங்கால் வலி என்று நான் அந்தப் பதின்மூன்று படி இறங்கிப் பார்த்ததும் இல்லை. ணங். அது பனிக்கட்டி இல்லை. என் நீலத் தொட்டி அந்தக் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறது, உள்ளே வர அனுமதி கேட்டு மூன்று வாரமாக நிற்கிறவரைப்போல. அறையில் இருந்த ஒரே ஜன்னலை நான் கையால் திணித்துத் திணித்து அடைத்திருக்கிறேன். பகலிலும் லைட். இங்க வெளிச்சமா இருக்கு சார். உள்ளே அசைவு தெரிந்தது. ஒரு கை கண்ணாடியின் ஆவியைத் துடைத்தது. துடைத்த வட்டத்துக்குள் நிறைமதியின் முகம். அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. அதில் பார்க்க அவளுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. நிமிர்ந்து, பதினைந்தடிக்கு இப்பால், திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்தாள். அன்று பார்த்த அதே பார்வை. உதவி கேட்கும் பார்வை இல்லை அது. அன்றும் இல்லை.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. மரத்தளத்தின் மூன்று படியும் வழுக்கின, சகதி கணுக்கால்வரை ஏறியது, ஐஸ் தண்ணீர் எலும்பைக் கடித்தது. குனிந்து தொட்டியைப் பிடித்தபோது ஜன்னல் பக்கவாட்டில் நகர்ந்து திறந்தது. என் பாதத்தின் உயரத்தில் அவள் முகம். "சார், பாத்து. செருப்பு இல்லாம வந்துட்டீங்க." குனிந்த நிலையிலேயே கேட்டேன், நிமிர்ந்து கேட்கத் தைரியம் இல்லை, "உனக்கு எப்பத் தெரியும்?" "அன்னைக்கே. கண்ணாடில சத்தம் கேட்டு முழிச்சேன். கை மட்டுந்தான் தெரிஞ்சுது. மோதிரம் தெரிஞ்சுது." "அவகிட்டச் சொல்லியிருக்கலாமே." "சொன்னா? அப்பாமேல பழி போடுறான்னுதான் சொல்வாங்க." ஜன்னல் விளிம்பில் ஒட்டிய பனியை விரலால் வழித்தாள். "நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன் சார். டெய்லி நெனச்சேன். அதுக்குத்தான் மேல வந்து உக்காந்தேன்." நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். அரைவட்டம். "வேர் செத்துச்சா இல்லையான்னு தெரியல," என்றாள் அவள், வேறு யாருடைய விஷயத்தையோ பேசுவதுபோல, "ஹீட்டர இந்தப் பக்கமாத் திருப்பி வெச்சேன். கண்ணாடிப் பக்கம் மண்ணு உறையல. ஜன்னலக் கொஞ்சமா நகத்தித் தொட்டுப் பாப்பேன், சில்லுனு இருக்கும், ஆனா உறையல." நான் முப்பத்தோரு வருஷம் மதிப்பெண் போட்டவன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். செண்பகத்தின் இளமஞ்சள் கம்பளத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கறுப்புத் தடம். மூன்று வாரத்தில் இந்தத் தருணத்துக்காக எத்தனையோ பேச்சுத் தயாரித்திருந்தேன். முன்னுரையோடு ஒன்று, சூழ்நிலை விளக்கத்தோடு ஒன்று, நகைச்சுவை கலந்தது ஒன்று. கரண்டியோடு திரும்பியவள், "ஐயோ அப்பா, காலப் பாருங்க!" என்றாள் முதலில். பிறகுதான் தொட்டியைப் பார்த்தாள். "நான்தான்" என்றேன். "வெயில்ல வச்சேன். செத்துப்போச்சு. அங்க புதைச்சேன். மதி என்கிட்டக் கேட்டுத்தான் கிள்ளினா, ரெண்டு தடவையும். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." எண்ணெய் காய்ந்து புகைந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், அது கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் என்னைத் தாண்டிப் படியிறங்கி ஓடினாள். கீழே பேச்சு கேட்டது. "மதி, போகாத. நான் என்ன வேணா... அந்தப் பெட்டியப் பிரி." "இல்லக்கா. அவங்ககிட்டச் சொல்லிட்டேன், காத்துக்கிட்டு இருப்பாங்க." "எம்மேல கோவமா?" "உங்கமேல இல்லக்கா." வாசலில் ஹார்ன் அடித்தது. ஒன்றரைதான் ஆகியிருந்தது, வேன் முன்கூட்டியே வந்துவிட்டது. இன்னும் அரைமணி நேரம் பனி தாக்குப்பிடித்திருந்தால் பந்தயத்தில் நான் ஜெயித்திருப்பேன் என்று ஒரு நினைப்பு ஓடியது. இவ்வளவுக்குப் பிறகும் ஓடியது. எழுதி வைக்கிறேன்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பதின்மூன்று படியும் இறங்கினேன். அவளுடைய ஒரு பையை நான் தூக்கினேன். கனமான பெட்டியை அவள் விடவில்லை. வேனில் ஏறும்போது, "புது ரூம்ல ஜன்னலோரக் கட்டில் எனக்குன்னு சொல்லியிருக்காங்க சார்" என்றாள். சொல்லிக்காட்டவில்லை, சும்மா சொன்னாள். அதுதான் கஷ்டம். செண்பகம் தெருமுனைவரை வேனோடு கூடவே நடந்து போனாள். நான் திரும்பி அந்த அறைக்கே வந்தேன். மேலே சமையலறை மேஜையில் நாளைக்குத் திலகேஸ்வரிக்காக ஒரு கறுத்த குச்சி காத்திருக்கிறது. அடித்தண்டை நகத்தால் ஒரு கீறு கீறினால் போதும், உள்ளே பச்சையா பழுப்பா என்று தெரிந்துவிடும். முதலாமாண்டுப் பிள்ளைகூடச் செய்யும். நான் கீறவில்லை. பச்சையாக இருந்தால் அதையே சாக்காகக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போவேன், எனக்கு என்னைத் தெரியும். அவள் வந்து அவள் நகத்தால் கீறட்டும். அறையில் மெத்தை உருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஜன்னல் வழியாக மூன்று வாரத்தில் முதல் தடவையாக வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது, நீள்சதுரமாக. அங்கே நின்று பார்த்தால் சகதி கண் மட்டத்தில் இருந்தது. அதற்கு மேலே சமையலறை ஜன்னல். அதில் என் நாற்காலி, அரைவட்டம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு. கண்ணாடியில் தொட்டி ஒட்டியிருந்த இடத்தில் வட்டமாக ஒரு அழுக்குத் தடம். தரையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்ன ஹீட்டர். அணைக்க மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். குனிந்து கை நீட்டினேன். அது இன்னும் ஜன்னலைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தது.